ட்ரைப்ளை எவர்சில்வர் பாத்திரம் வாங்கும் முன் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையை எப்படி அறிந்துகொள்வது?

பாப்பாரப்பட்டி வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டியில் வசிக்கிறேன். எங்கள் வீட்டில் இதுவரை சேலத்துக் கடைகளில் எடைபோட்டு வாங்கிய எவர்சில்வர் பாத்திரங்களும், களி கிண்டுவதற்கென்று ஓர் அலுமினியக் குண்டானும்தான் புழக்கத்தில் இருக்கின்றன. இப்போது அவற்றில் சிலவற்றை மாற்றி, நல்ல தரமான ட்ரைப்ளை என்னும் மூன்றடுக்கு எவர்சில்வரில் ஒரு கடாயும் ஐந்து லிட்டர் கொள்ளளவில் ஒரு குண்டானும் வாங்க எண்ணியிருக்கிறோம். விலை எங்கள் கைக்குச் சற்று அதிகம்தான். ஆனாலும் ஒருமுறை வாங்கினால் மகள் காலம்வரை நிற்க வேண்டும் என்பது என் விருப்பம்.

விளம்பரங்களில் ஒரு நிறுவனம் ஐந்து ஆண்டு என்கிறது, இன்னொன்று பத்து ஆண்டு என்கிறது, வேறொன்று ஆயுட்கால உத்தரவாதம் என்கிறது. ஆனால் எது நடந்தால் மாற்றித் தருவார்கள், எதற்குத் தரமாட்டார்கள் என்று தெளிவாகச் சொல்வார் யாரும் இல்லை. வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்தால் பதிவு செய்த குரல்தான் பேசுகிறது. தருமபுரியில் சேவை மையம் இல்லை என்றும், பெங்களூருக்குக் கொண்டுவர வேண்டும் என்றும் ஒரு கடையில் சொன்னார்கள். அமெரிக்காவில் இருக்கும் என் தம்பியோ, ஆல்-கிளாட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பாத்திரம் வாங்கி வருகிறேன், அதற்கு ஈடு கிடையாது என்கிறான். அதை இங்கே வைத்துக்கொண்டு பழுது வந்தால் யாரிடம் போய்க் கேட்பது?

களி கிண்டும் வீடு எங்களுடையது என்பதையும், ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான் சமையலுக்கும் கழுவுவதற்கும் என்பதையும் மனதில் கொண்டு, அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஓசூர் பழைய தொழிலாளி எழுதியது:

வணக்கம் அம்மா. ஓசூர்ப் பகுதியில் பாத்திரத் தொழிற்சாலை ஒன்றில் தரச் சோதனைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். உத்தரவாதத்தைப் புரிந்துகொள்வதற்கு முன்னால், பாத்திரத்தில் எது பழுதாகும் என்பதைப் புரிந்துகொள்வது நல்லது. அது தெரிந்தால், உத்தரவாத அட்டையில் எழுதியிருக்கும் ஒவ்வொரு வரியும் எதற்காக எழுதப்பட்டது என்பது தானாகவே விளங்கிவிடும்.

ட்ரைப்ளை என்பது மூன்று தகடுகளை உருளைகளுக்கிடையே அழுத்தி ஒன்றாக்கிய ஒரே தகடு. உணவு படும் உட்புறத்தில் 304 ரக எவர்சில்வர் இருக்கும். அதில் குரோமியம் 18 விழுக்காடும் நிக்கல் 8 விழுக்காடும் இருப்பதால் 18/8 என்றும் பொறிப்பார்கள். நடுவில் அலுமினியம். வெளிப்புறத்தில் காந்தத்தை ஈர்க்கும் 430 ரகம்; இண்டக்‌ஷன் அடுப்பில் சூடேறுவது இதனால்தான். எவர்சில்வரைவிட அலுமினியம் பத்து மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தக்கூடியது. ஆகையால் அடுப்பின் சூடு ஓரிடத்தில் குவியாமல் பக்கச்சுவர் வரைக்கும் பரவும். நீங்கள் கிண்டும் ராகிக் களி அடிப்பிடிக்காமல் வேக உதவுவது இந்த நடு அடுக்குதான். அடியில் மட்டும் ஒரு வட்டத் தகட்டை ஒட்டிய சாண்ட்விச் பாட்டம் பாத்திரங்களும் கடைகளில் உண்டு. அவை விலை குறைவு. சாம்பார், ரசத்துக்குப் போதும். ஆனால் களிக்கும் பால் காய்ச்சுவதற்கும் அந்த வட்டத்தின் விளிம்பையொட்டித் தீய்ந்துபோவதை நீங்கள் காண்பீர்கள்.

காந்தத்தைப் பற்றிய ஒரு தவறான நம்பிக்கை நம் பக்கத்தில் பரவலாக இருக்கிறது. காந்தம் ஒட்டவில்லை என்றால் உயர்ந்த ரகம் என்று பலரும் எண்ணுகிறார்கள். நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிச் செய்யும் 200 வரிசை எஃகிலும் காந்தம் ஒட்டாது. அது விலை குறைந்தது, உப்பும் புளியும் பட்டால் 304 அளவுக்குத் தாக்குப்பிடிக்காதது. எனவே காந்தத்தை நம்பாமல், பாத்திரத்தின் அடியில் 304 என்றோ 18/8 என்றோ பொறித்திருக்கிறதா, அதையே நிறுவனம் தன் பில்லிலோ மின்னஞ்சலிலோ எழுத்தில் சொல்கிறதா என்று பாருங்கள். எவர்சில்வர் பாத்திரங்களுக்கு ஐ.எஸ். 14756 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது. அதற்கான ஐ.எஸ்.ஐ. தர முத்திரையின் கீழே இருக்கும் உரிம எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் இட்டால், அந்த உரிமம் யாருடையது, இன்றும் செல்லுமா என்பது உடனே தெரியும்.

இனி பழுதுக்கு வருகிறேன். தயாரிப்புக் குறை என்று எந்த நேர்மையான நிறுவனமும் ஒப்புக்கொள்ள வேண்டியவை சில: அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிவது, ஒழுங்காகப் புழங்கியும் அடி வளைந்து அடுப்பில் ஆடுவது, கைப்பிடியைப் பாத்திரத்தோடு பிணைக்கும் ரிவெட் ஆணி தளர்வது, வெல்டிங் விட்டுப்போவது. இவற்றுக்குத்தான் உத்தரவாதம். வானவில் போன்ற நிறம் படர்வது, வெள்ளைத் திட்டு, கீறல், உட்புறத்தில் ஊசி குத்தியது போன்ற சிறு குழிகள் ஆகியவற்றைப் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்பதில்லை. அதில் நியாயமும் இருக்கிறது. நிறம் படர்வது, அதிகச் சூட்டில் மேற்பரப்பின் ஆக்சைடு படலம் தடிப்பதால் வருவது. வினிகர் கலந்த தண்ணீரில் போய்விடும். வெள்ளைத் திட்டு நம் ஆழ்துளைத் தண்ணீரின் சுண்ணாம்பு. புளித்தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்தால் கரையும். குழிகளுக்குக் காரணம், குளிர்ந்த தண்ணீரில் கல் உப்பைப் போட்டு அது அடியில் கிடந்தபடியே சூடேறுவது. கொதித்த பின் உப்பைப் போட்டுக் கலக்கிவிட்டால் அந்தச் சிக்கலே வராது.

களி கிண்டும் வீட்டுக்கு நான் மிகவும் வலியுறுத்துவது கைப்பிடியைத்தான். ஒரு கையால் பிடியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் துடுப்பைப் போட்டு அழுத்திக் கிண்டும்போது, பாத்திரத்தின் எடை மட்டுமல்லாமல் உங்கள் தோளின் பலம் முழுவதும் பக்கவாட்டில் அந்த ரிவெட்டின் மீதுதான் இறங்குகிறது. கடையில் நிற்கும்போதே குண்டானின் உட்புறத்தில் விரலை வைத்துத் தடவிப் பாருங்கள். ரிவெட்டின் தலை சுவரோடு படிந்து, சுற்றிலும் நகம் நுழையாமல் இருக்க வேண்டும். நகம் நுழைந்தால் அங்கே மாவு தங்கும், நாளடைவில் அது ஆடும். பிறகு மேல் விளிம்பைப் பாருங்கள். நடுவில் இருக்கும் அலுமினியக் கோடு வெளியே தெரிந்தால், பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் காரப்பொடி அந்த அலுமினியத்தை மட்டும் அரித்து, மேலும் கீழும் எவர்சில்வரைக் கத்தி முனைபோல் விட்டுவிடும். கையால் கழுவுபவருக்கு அந்தக் கவலை குறைவு. இருந்தாலும் விளிம்பை மூடிச் செய்த பாத்திரம் கிடைத்தால் அதையே எடுங்கள்.

தம்பி சொல்லும் ஆல்-கிளாட் நல்ல பெயர் பெற்ற நிறுவனம்தான். 1971-இல் பென்சில்வேனியா மாநிலத்து கேனன்ஸ்பர்க்கில் தொடங்கப்பட்டது. உலோக அடுக்குகளை ஒட்டிச் சமையல் பாத்திரம் செய்வதில் அவர்கள் முன்னோடிகள். தயாரிப்புக் குறைகளுக்கு ஆயுட்கால உத்தரவாதமும் தருகிறார்கள். ஆனால் அந்த உத்தரவாதம் தருமபுரியில் இருக்கும் உங்களுக்கு எப்படிக் கைக்கு வரும் என்பதுதான் கேள்வி. இவ்வளவு கனமான பாத்திரத்தை அமெரிக்காவுக்கு அனுப்பும் செலவில் இங்கே இன்னொன்று வாங்கிவிடலாம். தம்பி அங்கேயே வாங்கினால், இந்தியாவில் பயன்படுத்தினாலும் உத்தரவாதம் செல்லுமா, பழுதை நிழற்படம் பார்த்தே ஒப்புக்கொள்வார்களா என்ற இரண்டையும் அவரே நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டு, பதிலை உங்களுக்கு அனுப்பட்டும். அந்தப் பதில் வராமல் பெட்டியில் எடை ஏற்ற வேண்டாம்.

கிருஷ்ணகிரி பாத்திரக்கடை எழுதியது:

கிருஷ்ணகிரியில் தலைமுறையாகப் பாத்திரக்கடை நடத்தும் குடும்பத்தைச் சேர்ந்தவன். ஓசூர் ஐயா உலோகத்தைச் சொல்லிவிட்டார். நான் கடைக்காரன் பக்கத்தைச் சொல்கிறேன்.

ஒரு பாத்திரம் பழுதானால் அது நிறுவனத்தைச் சென்றடைய இரண்டு பாதைகள் உண்டு. சில நிறுவனங்கள் வாடிக்கையாளரிடம் நேரடியாகப் பேசி, வீட்டுக்கே ஆளனுப்பிப் பொருளை எடுத்துச் செல்கின்றன. மற்றவை கடைக்காரர், மொத்த வியாபாரி, விற்பனைப் பிரதிநிதி என்று படிப்படியாகத்தான் போகும். அதில் பிரதிநிதி வேலை மாறிவிட்டால் அந்தப் பொருள் மொத்த வியாபாரியின் கிடங்கிலேயே தூங்கும். ஆகையால் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, பழுது வந்தால் பொருளை யார் வாங்கிக்கொள்வார், போக்குவரத்துச் செலவு யாருடையது என்பதுதான். உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்பதெல்லாம் அதற்குப் பிறகு. ஓசூரில் ஆலை இருக்கும் நிறுவனம் என்பதற்காக ஆலை வாசலில் கொண்டுபோய்க் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். ஆலைக்கும் வாடிக்கையாளர் சேவைக்கும் தொடர்பில்லை அம்மா, அவர்கள் வாங்கமாட்டார்கள்.

சேவையின் தரத்தைப் பணம் கொடுப்பதற்கு முன்பே சோதித்துப் பார்க்கலாம். பெட்டியின் மீது நுகர்வோர் புகாருக்கான பெயர், முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல் ஆகியவை அச்சிட்டிருக்க வேண்டும் என்பது 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதி. அந்த மின்னஞ்சலுக்கு ஒரே ஒரு கேள்வியை எழுதிக் கேளுங்கள். உதாரணமாக, வீட்டில் களி கிண்டும்போது கைப்பிடி ரிவெட் தளர்ந்தால் அது உத்தரவாதத்தில் அடங்குமா என்று கேளுங்கள். பதிலே வராத நிறுவனம், பொருளை விற்ற பிறகு பதில் சொல்லும் என்று எதிர்பார்க்க முடியாது. வந்த பதில் அச்சிட்ட விளம்பரத்தையே திருப்பிச் சொன்னாலும் கவனம் தேவை. உங்கள் கேள்வியைப் படித்து, ஆம் அல்லது இல்லை என்று ஒருவர் எழுதியிருந்தால் அந்த நிறுவனத்தில் பொறுப்பான ஆள் இருக்கிறார் என்று பொருள்.

பில் இல்லாமல் வாங்காதீர்கள். பில்லில் பாத்திரத்தின் பெயர், அளவு, மாடல் எண் மூன்றும் இருக்க வேண்டும். வெறுமனே எவர்சில்வர் சாமான் என்று எழுதிய பில்லை எந்த நிறுவனமும் ஏற்காது. உத்தரவாத அட்டையில் கடை முத்திரையும் தேதியும் போட்டு வாங்குங்கள். சில நிறுவனங்கள் வாங்கிய சில நாட்களுக்குள் இணையத்தில் பதிவு செய்யச் சொல்கின்றன. அதைக் கடையிலேயே உட்கார்ந்து முடித்துவிடுங்கள். எங்கள் கடையில் நாங்களே செய்து கொடுக்கிறோம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வீட்டு உபயோகத்துக்கு என்று போட்டிருக்கும் பாத்திரத்தை மெஸ்ஸுக்கோ சமையல் ஒப்பந்தத்துக்கோ பயன்படுத்தினால் உத்தரவாதம் செல்லாது. பர்கூர்ப் பக்கத்தில் கல்யாணச் சமையல் செய்பவர்கள் இதை அறியாமல் வாங்கிச் செல்வதைப் பார்த்து வருத்தமாக இருக்கிறது.

காவேரிப்பட்டணம் இல்லத்தரசி எழுதியது:

சகோதரிக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். சாண்ட்விச் பாட்டம் குண்டான் ஒன்றில், அடித்தகட்டின் ஓரத்தில் மயிரிழை அளவு பிளவு தெரிந்தது. கழுவிக் கவிழ்த்து வைத்தால் அந்தப் பிளவிலிருந்து தண்ணீர் கசிந்து, அடுப்பில் வைத்ததும் சீறும். நிறுவனத்துக்கு எழுதியபோது, வெறும் பாத்திரத்தைச் சூடாக்கியதால் வந்த பழுது, எங்கள் பொறுப்பல்ல என்று நிழற்படம்கூடக் கேட்காமல் பதில் அனுப்பினார்கள். அடியில் பொறித்திருந்த தயாரிப்புத் தொகுதி (பேட்ச்) எண், கடை பில், பிளவை அளவுகோல் வைத்து எடுத்த நிழற்படம், தண்ணீர் சீறும் காணொளி ஆகியவற்றை ஒரே மின்னஞ்சலில் சேர்த்து மீண்டும் அனுப்பினேன். வெறும் பாத்திரமாகச் சூடாக்கினால் எவர்சில்வரில் நிறம் மாறியிருக்க வேண்டும், என் பாத்திரத்தில் நிறமாற்றமே இல்லையே என்றும் எழுதினேன். அதன் பிறகுதான் வேறொருவர் பேசினார், புதியது வந்தது. தொலைபேசியில் பேசியது எதுவும் எனக்கு உதவவில்லை; எழுத்தில் இருந்ததுதான் உதவியது.

பாப்பாரப்பட்டி வாசகி எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. கடைக்கார அண்ணா சொன்ன கேள்வியை நான் பார்த்து வைத்திருந்த நிறுவனங்களுக்கு எழுதி அனுப்பினேன். ஒரு நிறுவனம், ரிவெட் தளர்வு தயாரிப்புக் குறையாகவே கருதப்படும், பாத்திரத்தை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்வோம், ஆனால் பாப்பாரப்பட்டி அஞ்சல் குறியீட்டுக்குக் கூரியர் வசதி இல்லாததால் தருமபுரி நகரத்தில் கொடுக்க வேண்டியிருக்கும் என்று எழுதியிருக்கிறது. இன்னொரு நிறுவனம் தன் பொருட்களின் பட்டியலை அனுப்பியிருக்கிறது. முதலில் சொன்னதையே வாங்கலாம் என்று தோன்றுகிறது. தம்பிக்கும் விவரம் சொல்லிவிட்டேன்.

அந்த நிறுவனத்தின் பாத்திரம் இணையத்தில் கடையைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. இணையத்தில் வாங்கினால் பின்னால் சிக்கல் வருமா? ஒருவேளை அவர்கள் எழுதியபடி நடக்கவில்லை என்றால் நம் மாவட்டத்திலேயே எங்காவது முறையிட வழியுண்டா?

அரூர் வழக்கறிஞர் எழுதியது:

வழியுண்டு அம்மா. அதற்குப் பெங்களூருக்கோ சென்னைக்கோ போக வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அது முந்தைய சட்டத்திலிருந்து மாறுபடும் முக்கியமான இடம், நுகர்வோர் தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம் என்பது. நிறுவனம் மும்பையில் இருந்தாலும், பொருளை இணையத்தில் வாங்கியிருந்தாலும் தருமபுரி மாவட்ட ஆணையத்தில் நீங்கள் மனு கொடுக்கலாம். பொருளின் விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் வைக்காமல் நீங்களே வாதிடலாம். புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுக்க வேண்டும்.

ஆனால் ஆணையம் கடைசிப் படி. முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார். இணையத்தில் வாங்கிய பொருளென்றால், 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி விற்பனைத் தளம் ஒரு குறைதீர்ப்பு அலுவலரை நியமித்திருக்க வேண்டும். அவர் புகாரைப் பெற்றுக்கொண்டதை 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். அதுவும் பயனளிக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள், தமிழிலேயே பேசலாம். அவர்கள் புகாரைப் பதிவு செய்து நிறுவனத்துக்கு அனுப்புவார்கள். தீர்ப்பு சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. இருப்பினும் பாத்திரம் போன்ற சிறிய தொகைப் புகார்கள் பலவும் அந்த இடத்திலேயே முடிந்துவிடுவதைப் பார்க்கிறேன்.

இணையத்தில் வாங்குவதில் கவனிக்க வேண்டியது விற்பவரின் பெயர். ஒரே பாத்திரத்தை நிறுவனமும் விற்கும், யாரென்று தெரியாத மூன்றாம் நபரும் அதே பக்கத்தில் விற்பார். அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் வாங்கியிருந்தால்தான் உத்தரவாதம் என்று பல அட்டைகளில் எழுதியிருக்கும். நீங்கள் பார்த்த குறைந்த விலை அத்தகைய மூன்றாம் நபருடையதா என்று பாருங்கள். அந்த விற்பனையாளரின் பெயரைக் குறிப்பிட்டு, இவரிடம் வாங்கினால் உத்தரவாதம் செல்லுமா என்று உங்களுக்குப் பதில் எழுதிய அதே நபருக்கு இன்னொரு மின்னஞ்சல் அனுப்புங்கள். இப்போது உங்களிடம் இருக்கும் அந்தப் பதில் மின்னஞ்சலை அழித்துவிடாதீர்கள். களி கிண்டும் உபயோகத்தை முன்கூட்டியே சொல்லி அவர்கள் ஒப்புக்கொண்டிருப்பதால், பின்னாளில் தவறான பயன்பாடு என்று அவர்கள் சொல்வது கடினம்.

ஓசூர் பழைய தொழிலாளி எழுதியது:

வழக்கறிஞர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். பாத்திரம் வந்ததும் கழுவுவதற்கு முன், பெட்டியைத் திறப்பதிலிருந்து காணொளி எடுத்துக்கொள்ளுங்கள் அம்மா. தட்டையான கடப்பைக்கல் மேடையில் வைத்து அடி ஆடுகிறதா என்று பாருங்கள். கொஞ்சம் ஆடினாலும் அன்றே திருப்பிக் கொடுங்கள். புழங்கிய பிறகு சொன்னால் சூட்டில் வளைந்தது என்று சொல்லிவிடுவார்கள். முதல் சில முறை களி கிண்டும்போது அடுப்பை நடுத்தரத் தீக்கு மேல் வைக்க வேண்டாம். நடு அடுக்கு வெப்பத்தைத் தேக்கி வைத்திருக்கும் என்பதால் உங்கள் பழைய குண்டானுக்கு வைத்த தீ இதற்கு அதிகம். இறக்கிய சூட்டோடு குளிர்ந்த தண்ணீரை ஊற்றி ஊறவைக்கவும் வேண்டாம். அடி வளைவதற்கு அதுவே முதல் காரணம், அதை எந்த நிறுவனமும் ஏற்காது. ஆறிய பிறகு வெந்நீர் ஊற்றி வைத்தால் ஒட்டிய களி தானாக உரிந்து வரும்.